பிஎல்டிசி சீலிங் ஃபேன்: மதுரை வெயிலுக்குத் தாங்குமா, பில் குறையுமா?

மதுரையில் மாசி கழிந்ததும் சுற்றத் தொடங்குகிற ஃபேன் ஐப்பசி மழை வரைக்கும் ஓயாது. பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடி ராத்திரி பதினொரு மணிக்கும் அனலைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஏசி இல்லாத வீட்டில் கரண்ட் பில்லைக் குறைக்க நினைத்தால் ஃபேனில்தான் கைவைக்க வேண்டும். அதற்கு இன்று கடையில் கிடைப்பவற்றில் காசுக்குத் தகுந்த பொருள் பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வைத்த ஃபேன்.

48 அங்குல சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் இழுக்கும். அதே அளவு பிஎல்டிசி ஃபேனுக்கு 28 முதல் 35 வாட் போதும். உள்ளே சுற்றுகிற பாகத்தில் நிரந்தரக் காந்தம் இருக்கிறது. காயிலுக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்பதை ஒரு சின்ன எலக்ட்ரானிக் போர்டு பார்த்துக்கொள்கிறது. கன்டென்சர் கிடையாது. சாதாரண ஃபேன் நாலைந்து மணி நேரம் ஓடியபிறகு நிறுத்தி மோட்டாரைத் தொட்டால் கை சுடும். இதைத் தொட்டால் வெதுவெதுப்புதான். அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் இத்தனை நாள் பில் கட்டிவந்தோம். கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் 2012லேயே சூப்பர்ஃபேன் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. ஆட்டம்பெர்க், கிராம்ப்டன், ஹேவல்ஸ், ஓரியண்ட் என்று எல்லாரிடமும் இப்போது இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு ஃபேனுக்கு 45 வாட் மிச்சம். தினமும் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 40 யூனிட் குறையும். ஹால், இரண்டு படுக்கையறை என மூன்று ஃபேன் மாற்றினால் 120 யூனிட். 2022 செப்டம்பரில் வந்த கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரைக்குமான மலிவு விலை போய்விடும். அதனால் 550, 600 என்று நிற்கிற வீட்டுக்கு லாபம் இரட்டிப்பாகத் தெரியும். சாதாரண ஃபேனைவிட விலை ஆயிரத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு வரை கூடும். நாள் முழுக்க ஓடுகிற ஃபேனில் அது ஒன்றரை வருஷத்துக்குள் திரும்பிவிடும். விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற அறைக்கு வாங்குவது வீண் செலவு. அங்கே பழைய ஃபேனே இருக்கட்டும்.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. காற்று குறைவாகத் தள்ளுகிற ஃபேனும் கரண்ட் குறைவாகத்தான் எடுக்கும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு, கரண்ட் சிக்கனத்தைக் காட்டுகிற ஸ்டார் லேபிள் கட்டாயம். அதில் காற்றின் அளவு நிமிடத்துக்கு இத்தனை கன மீட்டர் என்று இருக்கும். 48 அங்குல ஃபேனுக்கு 210 என்பது குறைந்தபட்சம். மதுரை வெயிலுக்கு 220க்கு மேல் இருப்பதை எடுங்கள். டவுன் ஹால் ரோட்டிலோ மாசி வீதியிலோ எந்தக் கடையில் வாங்கினாலும் பெட்டியைத் திருப்பி அந்த எண்ணைப் படித்துவிட்டுப் பில் போடச் சொல்லுங்கள்.

மாட்டும்போது நடக்கிற தவறுதான் பாதி புகாருக்குக் காரணம். பழைய ரெகுலேட்டரை அப்படியே விட்டு அதன் வழியாக லைன் கொடுத்துவிடுகிறார்கள். ரெகுலேட்டர் வோல்டேஜை வெட்டிக் கொடுக்க, போர்டு அதைத் தாங்காமல் திணறும். ஃபேன் நின்று நின்று ஓடும், சில மாதத்தில் போர்டு போய்விடும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு ஸ்விட்சிலிருந்து நேராக லைன் கொடுத்து, அந்த ஓட்டையை மூடித் தகடு போட்டு அடைக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் "முழுசா வச்சிட்டா ஒண்ணும் ஆகாதுண்ணே" என்பார். வீட்டுக் குழந்தை திருப்பிவிடும் என்பதால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இறக்கை தரையிலிருந்து எட்டடி உயரத்தில், கூரையிலிருந்து ஓரடியாவது தள்ளி இருக்கட்டும். கூரையை ஒட்டி மாட்டினால் மேலே காற்று உள்ளே இழுக்க இடம் இருக்காது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போகிற கரண்ட் சாயங்காலம்தான் வரும். அன்றைக்கு இதன் அருமை தெரியும். மூன்று சாதாரண ஃபேன் 225 வாட், மூன்று பிஎல்டிசி 90 வாட். இன்வெர்ட்டர் பேட்டரி இரண்டு மடங்குக்கு மேல் நேரம் தாங்கும். ஸ்கொயர் வேவ் என்கிற மலிவு வகை இன்வெர்ட்டரில் சாதாரண ஃபேன் போடுகிற உறுமல் இதில் இருக்காது. உசிலம்பட்டி, மேலூர் பக்கம் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி ஃபேன் தளர்ந்துபோகும் இல்லையா, அப்போதும் இது வேகம் குறையாமல் ஓடும்.

குறை என்றால் போர்டுதான். சாதாரண ஃபேன் மெதுவானால் தெருமுனைக் கடையில் கன்டென்சர் மாற்றி அரைமணி நேரத்தில் ஓட வைக்கலாம். இதில் போர்டு போனால் அந்தந்தக் கம்பெனி போர்டேதான் வேண்டும். சர்வீஸ் ஆள் வரும்வரை புழுக்கம்தான். ஐந்து வருஷ வாரண்டியா, அதில் போர்டும் சேருமா என்று கேட்டு வாங்குங்கள். இடி மின்னலின்போது ஸ்விட்சை அணைத்துவிடுவது நல்லது. ரிமோட்டில் மட்டும் நிறுத்தினாலும் போர்டு கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டிருக்கும், வெளியே கிளம்பும்போது சுவரில் அணையுங்கள். ஒரே ஹாலில் ஒரே மாடல் இரண்டு மாட்டினால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் சேர்ந்து சுற்றும். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு ஸ்விட்சைச் சட்டென்று அணைத்துப் போட்டாலே வேகம் மாறுகிற மாடல் தோது.

கடை, அலுவலகத்தில் கணக்கு இன்னும் நன்றாக வரும். பத்து ஃபேன், ஒன்பது மணி நேரம், 26 நாள்: மாதம் 105 யூனிட் மிச்சம், அதுவும் வணிகக் கட்டணத்தில். ஏசி இருந்தால் 26இல் வைத்துவிட்டு ஃபேனை இரண்டாம் வேகத்தில் ஓட விடலாம். ஒரு டிகிரி ஏற்றினால் ஏசி ஏறக்குறைய 6 சதவீதம் குறைவாக எடுக்கும். சோக்கு வைத்த 40 வாட் டியூப்லைட் இன்னும் இருந்தால் அதே எலக்ட்ரீஷியனை வைத்து 20 வாட் எல்இடி மாட்டிவிடுங்கள். செல்லூர் தறிக்கூடம், தையல் கடை மாதிரி பஞ்சு பறக்கிற இடத்தில் இறக்கையின் முன் ஓரத்தில் பஞ்சு அப்பிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்காவிட்டால் ஐந்து ஸ்டார் ஃபேனும் காற்றுத் தராது. துடைக்கும்போது இறக்கையை அடியில் ஒரு கையால் தாங்கிப் பிடிக்க வேண்டும். வளைந்துவிட்டால் ஃபேன் ஆட ஆரம்பிக்கும், அந்த ஆட்டத்துக்கு வாரண்டி கிடையாது.