ஈரலில் நீர்க்கட்டி: மாத்திரையா, ஊசியா, கத்தியா?

ஒடுகத்தூர்ப் பக்கம் ஆடு வளர்க்கும் என் பெரியப்பாவுக்கு ரொம்ப நாளாக வலது விலாவுக்கடியில் ஒரு பாரம். பித்தப்பைக் கல்லாக இருக்கும் என்று வேலூருக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போனேன். கல் இல்லை. கல்லீரலில் 7 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி இருந்தது. பஸ் ஏறி ஊர் வந்து சேர்வதற்குள் மூன்று யோசனைகள் வந்துவிட்டன. பூச்சி மாத்திரை போட்டால் கரைந்துவிடும் என்றார் ஒருவர். ஊசியில் உறிஞ்சிவிடலாம் என்றார் இன்னொருவர். வயிற்றைக் கிழித்தே ஆக வேண்டும் என்றார் மூன்றாமவர்.

மூன்றும் நிஜமான வைத்தியம்தான். ஆனால் எது யாருக்கு என்பதைக் கட்டியின் பருவம்தான் சொல்லும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதற்கும் தலையாட்டாதீர்கள்.

இதற்கு ஹைடாடிட் கட்டி என்று பெயர். எக்கினோகாக்கஸ் என்ற, சில மில்லிமீட்டரே நீளமுள்ள நாடாப்புழு நாயின் குடலில் வாழ்கிறது. நாயின் மலத்தோடு வெளியேறும் முட்டை புல் வழியாக ஆட்டுக்கும், கழுவாத கீரை, தண்ணீர், நாயைத் தடவிய கை வழியாக நமக்கும் வந்து சேர்கிறது. “கறி துன்னதாலயா வந்துச்சு?” என்றுதான் பெரியப்பா முதலில் கேட்டார். இல்லை. கட்டி உள்ள ஆட்டீரலை நாய் தின்றால் நாய்க்குத்தான் புழு வரும். நமக்கு முட்டைதான் எமன்.

கண்டுபிடிப்பதில் முதல் இடம் சாதாரண அல்ட்ராசவுண்டுக்குத்தான். ரத்தப் பரிசோதனை துணைக்கு வரும். ஆனால் கட்டி இருந்தும் ‘இல்லை’ என்று காட்டுவது உண்டு, அதை மட்டும் நம்பி நிம்மதியாகிவிடக் கூடாது. சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாம் ஆபரேஷனுக்கு முன்போ, பித்தக்குழாயில் ஓட்டை விழுந்திருக்குமோ என்ற சந்தேகத்திலோதான் தேவைப்படும். நம் பக்கம் அடிக்கடி பார்க்கும் அமீபா சீழ்க்கட்டியோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. அது காய்ச்சலும் வலியுமாகச் சில நாட்களில் ஆளைப் படுக்கப் போடும். இது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். சீழ் என்று நினைத்து முன்னேற்பாடு இல்லாமல் ஊசி குத்தினால், உள்ளே உள்ள நீர் வயிற்றுக்குள் சிந்தி உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். சிந்திய இடமெல்லாம் புதுக் கட்டியும் முளைக்கலாம்.

இனி பருவம். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு இதை சி.இ.1 முதல் சி.இ.5 வரை பிரித்திருக்கிறது. முதல் பருவம் இளநுங்கு மாதிரி: மெல்லிய தோல், உள்ளே தெளிந்த நீர். இரண்டாவதில் தாய்க்கட்டிக்குள் குஞ்சுக்கட்டிகள் நிறைந்து தேனடை போலத் தெரியும். மூன்றாவதில் இரண்டு வகை: உள்தோல் உரிந்து நீரில் மிதப்பது 3ஏ, பாதி கெட்டியாகியும் குஞ்சுகள் மிஞ்சியிருப்பது 3பி. நான்காவதும் ஐந்தாவதும் கெட்டித்துச் சுண்ணாம்பு படிந்து அடங்கிவிட்டவை.

அடங்கியவற்றுக்குத் தொந்தரவு இல்லாதவரை வைத்தியமே வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் போதும். இதை வீட்டில் ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம்.

5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட 1, 3ஏ பருவக் கட்டிகளுக்கு மாத்திரை மட்டுமே போதலாம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தரும் அதே ஆல்பெண்டசோல்தான். ஆனால் அங்கே 400 மில்லிகிராம் ஒரே ஒரு வேளை; இங்கே பெரியவர்களுக்கு வழக்கமாக 400 வீதம் தினமும் இரண்டு வேளை, 3 முதல் 6 மாதம். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட வேண்டும். ஈரலையும் வெள்ளையணுக்களையும் பாதிக்கக்கூடும் என்பதால் இடையிடையே ரத்தம் பார்ப்பது கட்டாயம். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கடையில் தானாக வாங்கிப் போடுகிற மருந்தே இல்லை இது.

அதே பருவங்களில் கட்டி பெரிதாக இருந்தால் ஊசி முறை. ஸ்கேனில் பார்த்தபடியே குத்தி, நீரை உறிஞ்சி, அடர் உப்பு நீரையோ ஆல்கஹாலையோ செலுத்தி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப உறிஞ்சுவார்கள். 1997-இல் வெளியான ஸ்ரீநகர் ஆய்வில் 50 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மாத்திரையோடு ஊசி முறையில் சராசரியாக 4.2 நாளும், ஆபரேஷனில் 12.7 நாளும் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியிருந்தது. சிக்கல்கள் 32 சதவீதம், 84 சதவீதம். எனக்கு இந்தக் கணக்கு பெரிய தைரியம் கொடுத்தது. ஆனால் 2, 3பி பருவங்களில் ஊசி ஒவ்வொரு குஞ்சுக்கட்டிக்கும் போய்ச் சேராது. பித்தக்குழாயோடு தொடர்பு இருந்தால் செலுத்தும் மருந்து குழாயையே பொசுக்கிவிடும்.

அங்கேதான் கத்தி. குஞ்சுகள் நிறைந்த பெரிய கட்டி, உடைந்த கட்டி, பித்தக்குழாயில் திறந்த கட்டி, ஈரலின் மேற்பரப்பை ஒட்டி உடையக் காத்திருக்கும் கட்டி எல்லாவற்றுக்கும் ஆபரேஷன்தான் சரி. லேப்ராஸ்கோப்பில் செய்தாலும் நீர் சிந்தாமல் பார்த்துக்கொள்வதில்தான் திறமை. அதற்கென்றே உறிஞ்சு கருவி ஒன்றைக் கோவை டாக்டர் பழனிவேலு வடிவமைத்திருக்கிறார்.

பெரியப்பாவுடையது சி.இ.1. மாத்திரையை ஆரம்பித்துவிட்டு ஊசி முறைக்குப் போனோம். முடிந்ததும் டாக்டர் ஒரு சின்னக் குழாயைத் தூக்கிக் காட்டினார். நுங்குத் தண்ணீர் போலத் தெளிவு. மஞ்சள் கலந்திருந்தால் பித்தம் என்று அர்த்தமாம், அங்கேயே நிறுத்தியிருப்பார்களாம். மாத்திரை இன்னும் ஓடுகிறது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். அறுத்த ஆட்டின் ஈரலில் கொப்புளம் தெரிந்தால் இப்போது நாய்க்கு வீசாமல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கிறார்.