கோடை மலையேற்றத்துக்கு எது சரி: பாட்டிலா, குழாய்ப்பையா?

கோடையில் ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டிய கடினமான மலைக்குக் கிளம்புகிறவர்கள் ஷூவைப் பற்றி நிறைய விசாரிப்பார்கள். தண்ணீரை எதில் எடுத்துப் போவது என்பதை மட்டும் முதல் நாள் இரவுதான் யோசிப்பார்கள். என்னைக் கேட்டால் முதலில் யோசிக்க வேண்டியதே அதுதான். மூன்று லிட்டர் தண்ணீர் என்றால் மூன்று கிலோ. அன்றைய சுமையில் அதைவிடக் கனமான பொருள் பெரும்பாலும் வேறு இருக்காது. இரண்டையும் வைத்து ஏறிப் பார்த்துவிட்டு இப்போது நான் பாட்டில் பக்கம் வந்துவிட்டேன்.

குழாய்ப்பை என்று நான் சொல்வது, ஹைட்ரேஷன் பிளாடர் என்ற பெயரில் விற்கிறார்களே, அதை. முதுகுப்பைக்குள் ஒரு நீர்ப்பை இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் தோள்வழியாக வந்து வாயருகே தொங்கும். முனையைக் கடித்து உறிஞ்சினால் தண்ணீர் வரும். 1980களின் கடைசியில் மைக்கேல் ஐட்சன் என்பவர், டெக்சஸில் ஆகஸ்ட் வெயிலில் நடக்கும் நூறு மைல் சைக்கிள் ஓட்டத்துக்காக, டிரிப் ஏற்றும் மருத்துவப் பையில் தண்ணீர் நிரப்பி, அதை நீளமான காலுறைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டினார். குழாய்ப்பை விற்கும் கேமல்பேக் நிறுவனம் அதிலிருந்துதான் பிறந்தது. அதாவது, ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்காமல் குடிக்க வேண்டிய ஒருவருக்காக உருவான பொருள் இது. மலையேறுகிறவருக்குத் தேவை வேறு: வெயில் காலத்து மலையில் தண்ணீர் வழியில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

எடையைச் சட்டென்று முடித்துவிடலாம். சாதாரண ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் வெறுமையாக முப்பது, நாற்பது கிராம்தான் இருக்கும். குழாய்ப்பை நூற்றைம்பது, இருநூறு கிராம் வரும். ஸ்டீல் பிளாஸ்க் இரண்டையும்விடக் கனம் என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது ஒரே ஒரு கேள்வி: இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

வெயிலில் செங்குத்தான பாதையில் ஏறும்போது மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். ஆனால் அது அங்கே தெரியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் இறங்கும். மேலே காற்றும் அடிக்கும். வியர்வை வந்த வேகத்திலேயே காய்ந்துவிடுவதால் சட்டை நனையாது. வியர்க்கவே இல்லை என்று தோன்றும். அதே ஆயிரம் மீட்டருக்குப் புற ஊதாக் கதிர்வீச்சு சுமார் 10 சதவீதம் கூடியிருக்கும். உடம்புக்கு இதமாக இருக்கிறதே என்று நம்பி அங்கே தண்ணீர்க் கணக்குப் போட முடியாது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

ஒரு லிட்டர் பாட்டில் மூன்று எடுத்துப் போனால் அந்தக் கணக்கு தானாகவே வந்துவிடுகிறது. முதல் பாட்டில் காலியானதும் மணியைப் பார்ப்பேன், எவ்வளவு உயரம் வந்திருக்கிறோம் என்று பார்ப்பேன். இரண்டாவது பாதிக்கு வரும்போது மொத்தத்தில் பாதி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் உச்சி வெகுதூரத்தில் இருந்தால் திரும்பிவிடுவேன். இறங்கும்போது ஏறும் அளவுக்குத் தண்ணீர் தேவைப்படாது என்பது உண்மைதான். ஆனால் இறக்கம் நடுமத்தியான வெயிலில் வரும், காலும் தளர்ந்திருக்கும். அந்த வித்தியாசத்தை நம்பி மேலே போக எனக்கு மனம் வராது.

குழாய்ப்பையில் இது எதுவும் நடக்காது. அது முதுகை ஒட்டிய உறைக்குள் இருக்கும். மழைச்சட்டை, சாப்பாடு, முதலுதவிப் பொருள் எல்லாம் அதை அழுத்திக்கொண்டிருக்கும். அளவு பார்க்க வேண்டுமென்றால் முதுகுப்பையை இறக்கி, சாமான்களை வெளியே எடுத்து, அதை உருவ வேண்டும். பாதி ஏற்றத்தில் யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. எடை குறைவதை வைத்தே தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். களைத்துப்போன தோளுக்கு இரண்டு கிலோவும் ஒன்றுதான், மூன்று கிலோவும் ஒன்றுதான்.

என்னுடன் ஏறிய நண்பர் ஒருவர், “பாதிகூடக் குடித்திருக்க மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அவர் உறிஞ்சிய குழாயில் காற்றும் தண்ணீரும் கலந்து கொர்ரென்று சத்தம் வந்தது. இன்னொரு முறை உறிஞ்சினார், வெறும் காற்று. குழாய்ப்பை தானாகக் கொடுக்கும் ஒரே தகவல் அந்தச் சத்தம்தான். என்னிடம் மிச்சமிருந்த ஒரு பாட்டிலை இருவரும் பங்கிட்டுக்கொண்டு அங்கிருந்தே இறங்கினோம்.

குழாயில் பொருத்தும் சின்ன அளவுமானிகளும் உண்டு. நான் அதை வைத்து அதிகம் நடந்ததில்லை, அதனால் நம்பலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

குழாய்ப்பைக்காரர்கள் சொல்லும் பெரிய நன்மை, நிற்காமல் அடிக்கடி ஒரு வாய் குடிக்கலாம் என்பது. அது நியாயமான பேச்சுதான். பாட்டிலை எடுக்கச் சோம்பல்பட்டு தாகத்தோடே நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெறும் தண்ணீரை அளவு தெரியாமல் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் என்று ஆரம்பித்து வலிப்பு வரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. வெயிலில் உழைக்கும் வீரர்களுக்கு அமெரிக்க ராணுவம் வைத்திருக்கும் உச்சவரம்பு மணிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர். பாட்டிலில் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும். மூன்றில் ஒன்றில் உப்பும் சர்க்கரையும் கலந்துகொள்ளலாம். மற்றவை வெறும் தண்ணீராக இருந்தால் பிடரியில் ஊற்றிக்கொள்ளவும் சிராய்ப்பைக் கழுவவும் உதவும். குழாய்ப்பையில் ஒன்றைக் கலந்தால் எல்லாமே அதுதான்.

அப்புறம் பராமரிப்பு. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது. குழாய் ஒரு மீட்டர் நீளம், உள்ளே சுண்டுவிரல்கூட நுழையாது. இரண்டு வாரம் ஈரத்தோடு கிடந்தால் உள்சுவரில் கறுப்புப் புள்ளிகள் வந்துவிடும். நீளமான பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தாலும் கடிமுனையின் மடிப்புக்குள் கொஞ்சம் தங்கிவிடும். இனிப்புக் கலந்த பானம் ஊற்றியிருந்தால் இன்னும் சீக்கிரம். இன்னொன்று: தோள்மேல் வெயிலில் கிடக்கும் குழாயில் எப்போதும் முப்பது மில்லி அளவுக்குத் தண்ணீர் நிற்கும். நின்று இளைப்பாறிவிட்டுக் குடித்தால் முதல் வாய் சுடுதண்ணீர்தான்.

ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். பாட்டில் ஒன்று உடைந்தால் ஒரு லிட்டர் போகும். குழாய்ப்பையின் மூடி சரியாக அமரவில்லை என்றால் முழுத் தண்ணீரும் முதுகுப்பைக்குள் கொட்டிவிடும். உள்ளே இருக்கும் மாற்றுத் துணியும் சேர்ந்து நனையும்.

சரி, குழாய்ப்பை ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. இரண்டு கையாலும் பாறையைப் பிடித்து ஏறும் பகுதிகள் நீளமாக இருந்தால் பக்கவாட்டுப் பையிலிருந்து பாட்டிலை எடுப்பது தொல்லை. சில முதுகுப்பைகளில் கழற்றாமல் கை எட்டவே எட்டாது. கனம் முதுகெலும்பை ஒட்டி நிற்பதால் அப்படிப்பட்ட இடங்களில் ஆட்டமும் குறைவு. நான் பெரும்பாலும் நடந்தே ஏறக்கூடிய மலைகளுக்குப் போகிறவன். பாறையேற்றம் அதிகமுள்ள பாதைக்குப் போகிறவர்கள் என் சாய்வைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே குழாய்ப்பை வாங்கி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். அதில் ஒன்றரை லிட்டர் மட்டும் ஊற்றுங்கள். மிச்சம் ஒன்றரை லிட்டரைப் பாட்டில்களில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது குழாயிலிருந்து மட்டும் குடியுங்கள். கொர் சத்தம் வந்தால் பாதி தீர்ந்தது என்று பொருள். மேலே போவதா திரும்புவதா என்று அந்த இடத்தில் முடிவு செய்யலாம். வீட்டுக்கு வந்ததும் குழாயை முழுவதுமாக வடித்து, பையையும் குழாயையும் ஃப்ரீசரில் போட்டு வைத்தால் பூஞ்சை வளராது.