டான் டன்ஸ்டனா, ஜோ பியெல்கி பீட்டர்சனா?

1970கள்ல ஆஸ்திரேலியாவுல இருந்த இந்த ரெண்டு மாநில முதல்வர்களும் கொள்கைல எதிரும் புதிரும், ஆனா ரெண்டு பேருமே அந்த நாட்டுல பொறக்கல. தெற்கு ஆஸ்திரேலியா டன்ஸ்டன் பிஜியில பொறந்த வக்கீல், லேபர் கட்சி. குயின்ஸ்லாந்து ஜோ நியூசிலாந்துல பொறந்து கிங்கராய்ல வேர்க்கடலை போட்ட விவசாயி, 1968லேருந்து 1987 வரை நாற்காலிய விடவே இல்ல மனுஷன்.

என்னைக் கேட்டா சுவாரசியமே தொகுதிக் கணக்குதான். அப்போ ரெண்டு மாநிலத்துலயும் கிராமத்துத் தொகுதிகள்ல ஓட்டருங்க கம்மி, அதனால நகரத்து ஓட்ட விட கிராமத்து ஓட்டுக்கு வெயிட் ஜாஸ்தியா இருந்துச்சு, அதை எதிர்த்தே வளந்தவரு டன்ஸ்டன், 1968ல அவரு கட்சி அதிக ஓட்டு வாங்கியும் ஆட்சி போச்சு, 1970லதான் திரும்பி வந்தாரு, ஜோ என்னடான்னா அதே மாதிரி ஏற்பாட்ட வச்சே காலத்த ஓட்டுனாரு.

1975ல ஓரினச்சேர்க்கை குற்றமில்லன்னு நாட்டுலயே மொதல்ல சட்டம் கொண்டுவந்தது டன்ஸ்டன் ஆட்சி. 1977ல தெருவுல அரசியல் ஊர்வலமே கூடாதுன்னது ஜோ. (பிங்க் ஷார்ட்ஸ்ல சட்டசபைக்கு வந்ததும் டன்ஸ்டன்தான், அது தனிக்கத!)

டன்ஸ்டன் 1979ல உடம்பு முடியாம ராஜினாமா பண்ணாரு. ஜோவ, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஊழல் விசாரணை ஓடிட்டிருந்தப்போ சொந்தக் கட்சியே கழட்டி விட்டுச்சு. என் ஓட்டு டன்ஸ்டனுக்குத்தான்.