மோசினா, என்ஃபீல்டா, காரண்டா, கே31ஆ? விலை ஏறிய பிறகு ஒரு கணக்கு

2010 வாக்கில் அமெரிக்காவில் சோவியத் ராணுவத்தின் மோசின்-நாகாந்த் எம்91/30 ரைஃபிளை நூறு டாலருக்கும் குறைவாக வாங்க முடிந்தது. பெட்டியிலிருந்து எடுத்தபடியே, காஸ்மோலின் கிரீஸ் அப்பிக்கிடக்க, பயனெட்டும் தோட்டாப் பையும் சேர்த்தே கொடுத்தார்கள். இன்று அதே ரைஃபிளுக்கு நானூறு டாலர் கேட்கிறார்கள். பேரம் பேசாமல் வாங்கிப் போகவும் ஆள் இருக்கிறது. மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ராணுவ உபரி ரைஃபிள் வாங்கிய காலம் முடிந்துவிட்டது. நானூறுக்கு மேல்தான் செலவு என்று ஆன பிறகு எதில் போடுவது என்று கேட்டுக்கொள்ளவேண்டியிருக்கிறது. நான் கேட்டுக்கொண்டு, கடைசியில் சுவிஸ் கே31 வாங்கினேன். ஆகவே இந்த அலசலில் சார்பு உண்டு. அதை மறைக்கப்போவதில்லை.

விலை ஏன் ஏறியது என்பதில் பெரிய மர்மம் இல்லை. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டு ராணுவ உபரியின் இறக்குமதியை அடைத்தது. 1984இல் பழம்பொருள் வகைக்கு மட்டும் அந்தக் கதவு மீண்டும் திறந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் கிழக்கு ஐரோப்பியக் கிடங்குகள் காலியாகத் தொடங்கின. இருபது ஆண்டுகள் வெள்ளமாக வந்தது. அந்தக் கிடங்குகளில் இப்போது அதிகம் மிச்சமில்லை. 1943இல் செய்த ரைஃபிளை இனி யாரும் செய்யப்போவதும் இல்லை. இரண்டாம் உலகப் போரைக் கணினி விளையாட்டில் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை கையில் சம்பளத்தோடு சந்தைக்கு வந்திருப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் .303 போன்ற ராணுவக் காலிபர்கள் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை என்பதால் இது முழுக்க அமெரிக்கச் சந்தையின் கதை. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் மாறாத ரைஃபிள்கள் 'சி அண்ட் ஆர்' எனப்படும் பழம்பொருள் வகையில் வரும். முப்பது டாலர் கட்டினால் மூன்றாண்டுக்குச் சேகரிப்பாளர் உரிமம் கிடைக்கும். வெளிமாநிலத்தில் வாங்கினாலும் நேரே வீட்டுக்கு வரும். வாங்கியது விற்றது எல்லாம் பதிவேட்டில் ஏற்றவேண்டும். சில மாநிலங்களில் இதற்கு மேலும் கெடுபிடி உண்டு. வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று: குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் தொடவேண்டாம்.

முதலில் மோசின். கரடுமுரடானது, ஆனால் உடையாது. இந்த ரைஃபிள் பிரபலமானதற்கு அதன் விலையைவிட அதன் தீனியின் விலை முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். 7.62×54 ஆர் தோட்டா 440 அடங்கிய சோவியத் காலத் தகர டின் நூறு டாலருக்குள் கிடைத்த நாள்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கச் சுட்டாலும் பை வலிக்காது. அந்த டின்கள் அருகிப்போய்விட்டன. ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி இல்லை என்று 2021இல் அமெரிக்க அரசு அறிவித்ததோடு, புதுச் சரக்கின் முக்கிய ஊற்றும் அடைபட்டது. இன்று மோசினுக்கும் மற்ற ரைஃபிள்களுக்கும் ஒரு தோட்டாவுக்கு ஆகும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. மலிவுத் தீனி போன பிறகும் ரைஃபிள் விலை நான்கு மடங்கானது எனக்கு விசித்திரமாகவே படுகிறது.

பழைய டின் கிடைத்தாலும் ஒரு தொல்லை உண்டு. அந்தத் தோட்டாக்களின் பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) எரிந்ததும் குழலுக்குள் ஒருவகை உப்பு படியும். அது காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். சுட்ட அன்றே சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் போடவேண்டும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு கரையாது. இதைச் சோம்பலால் விட்டவர்களின் மோசின்கள்தான் பழைய ரைஃபிள் கண்காட்சிகளில் 'குழல் கொஞ்சம் கருத்திருக்கிறது' என்ற பூச்சோடு விலைக்கு வருகின்றன.

அடுத்தது லீ-என்ஃபீல்ட். தமிழ் வாசகர்களுக்கு 'த்ரீ நாட் த்ரீ' என்றால் அறிமுகமே தேவையில்லை. காவல் நிலைய வாசலில் பார்த்திராதவர்கள் குறைவு. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்ததே 2020 குடியரசு தினத்தில்தான். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் 1960களிலிருந்து 7.62 நேட்டோ காலிபரில் செய்த 2ஏ, 2ஏ1 ரகங்களும் அமெரிக்கச் சந்தைக்கு வந்தன. ஒரு காலத்தில் சீண்டுவாரின்றிக் கிடந்தவை அவை, இப்போது தேடுகிறார்கள். மனத்தளவில் என் ஓட்டு என்ஃபீல்டுக்குத்தான். பத்துத் தோட்டா மேகசின், போர் ரைஃபிள்களில் வேறெதிலும் காணாத வேகமான போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு), கையில் எடுத்தாலே தோளில் தானாகப் பொருந்தும் அமைப்பு. நம்பர் 4 ரகத்தில் 'யு.எஸ். பிராப்பர்ட்டி' என்று முத்திரை குத்தியவை மாசசூசெட்ஸில் சாவேஜ் நிறுவனம் பிரிட்டனுக்காகச் செய்தவை. கனடாவின் லாங் பிராஞ்ச் தயாரிப்புகளுக்கும் நல்ல பெயர்.

வாங்கும்போதுதான் சங்கடம். அஞ்சல் வழி விற்பனைக் காலத்தில் இவை அடிமாட்டு விலைக்குப் போனதால், வேட்டைக்காரர்கள் முன்மரத்தை அறுத்து, காட்சிக்குறியைக் கழற்றி 'ஸ்போர்ட்டர்' ஆக்கிவிட்டார்கள். இப்போது விலை ஏறியதும், அறுத்தவற்றுக்கு எங்கிருந்தோ மரம் தேடி மாட்டி முழு ரைஃபிளாக்கி விற்கிறார்கள். போல்ட்டின் எண்ணும் ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பகுதியின்) எண்ணும் ஒத்துப்போகாதவை ஏராளம். நம்பர் 4இன் போல்ட் தலை 0 முதல் 3 வரை அளவுகளில் வரும்; மாற்றி மாட்டியதில் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி, தவறியிருக்கலாம். அளவுமானி வைத்துச் சோதிக்காமல் சுடக்கூடாது.

எம்1 காரண்டை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை, நண்பருடையதைச் சுட்டிருக்கிறேன், அவ்வளவே. 1936இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட, தானாக மறுதோட்டா ஏற்றும் ரைஃபிள். எட்டாவது தோட்டா போனதும், அவற்றைப் பிடித்திருந்த கிளிப் 'டிங்' என்று எம்பிக் குதிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அரசுக் கையிருப்பிலிருந்தவற்றை சி.எம்.பி. என்ற குடிமக்கள் குறிசுடுதல் அமைப்பு அலபாமாவின் ஆனிஸ்டனிலிருந்து தரம் பிரித்து விற்கிறது. அமெரிக்கக் குடியுரிமை, சி.எம்.பி.யோடு இணைந்த சங்கம் ஒன்றின் உறுப்பினர் சான்று, குறிசுடும் அனுபவத்துக்கான அத்தாட்சி மூன்றும் வேண்டும். பச்சை அட்டை போதாது. பத்தாண்டுக்கு முன் அறுநூறு எழுநூறு என்றிருந்த நடுத்தர ரகம் ஆயிரத்தை ஒட்டி வந்துவிட்டது. வேட்டைக்கென்று செய்யும் இன்றைய வீரியமான .30-06 தோட்டாக்களை இதில் அப்படியே போடக்கூடாது, வாயு அழுத்தத்தில் இயக்கத் தண்டு வளையும். காரண்டுக்கென்று குறிப்பிட்டு விற்பதைத்தான் வாங்கவேண்டும்.

ஜெர்மன் கே98கே-யை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. எண்கள் முழுக்க ஒத்த அசல் ரைஃபிளின் விலை நம் கணக்குக்கு எட்டாது. எட்டுகிற விலையில் வருபவை பெரும்பாலும் செம்படை கைப்பற்றி, பிரித்து, கலந்து கோத்து, அரக்குப் பூசி அடுக்கியவை.

இனி எனக்கு முடிவைத் தீர்மானித்துக் கொடுத்த விஷயத்துக்கு வருகிறேன். விலை ஏறிக்கொண்டே போகும் பொருளை வாங்கும்போது, என்றாவது விற்கப்போகும் நாளைத்தான் முதலில் யோசிக்கவேண்டும். அன்று எதிரே நிற்பவர் என் வார்த்தையை எவ்வளவு நம்பவேண்டியிருக்கும்? எவ்வளவுக்கு நம்பவேண்டுமோ அவ்வளவுக்கு விலையை அடிப்பார். ரைஃபிளே தன் கதையைச் சொன்னால் அடிக்க இடமில்லை. குழலின் நிலையும் தோட்டாவின் விலையும் குறியின் துல்லியமும் இதற்கு அப்புறம்தான்.

இந்தக் கண்ணோடு மற்றவற்றைப் பாருங்கள். மோசின்களை சோவியத் தொழிற்கூடங்கள் போருக்குப் பின் கூட்டமாகப் பிரித்துப் பழுதுபார்த்தன. பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண்ணை மின்பேனாவால் கீறியவை ஏராளம். 'எண்கள் ஒத்துப்போகின்றன' என்று விற்பவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஒத்துப்போகச் செய்தது பழுதுபார்த்த பட்டறை. துலாவில் 1941இல் பிறந்த ரிசீவருக்கு இஷெவ்ஸ்கில் பிறந்த போல்ட் இருக்கலாம். இதில் தொலைநோக்கி பொருத்திய ஸ்னைப்பர் ரகம் என்றால் கேட்கவே வேண்டாம், துளையை அடைத்தது, அடைத்ததைத் திறந்தது, புதிதாகத் துளைத்தது என்று மூன்று சாதிகள் உண்டு. பிரித்தறிய ஆண்டுக்கணக்கில் கை பழகவேண்டும்.

காரண்டில் வேறு விதம். அமெரிக்க ராணுவம் பாகங்களுக்கு வரைபட எண்தான் போட்டது, ரைஃபிளின் எண்ணை எல்லாப் பாகத்திலும் குத்தவில்லை. பழுதுபார்க்கும்போது பாகங்கள் தாராளமாகக் கலந்தன. ஆகவே ஆர்வலர்கள் 1942 ரிசீவருக்கு 1942 வகைப் பாகங்களைத் தேடிச் சேர்த்து 'சரியான' காரண்ட் செய்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்ததையும் ஒரு பொறுமைசாலி போன வருடம் கோத்ததையும் காகித ஆதாரம் இல்லாமல் வேறுபடுத்துவது கடினம். சி.எம்.பி. கொடுக்கும் சான்றிதழ் அங்கே வாங்கியதற்குத்தான் சாட்சி.

கே31இன் கதை நேர். பெர்னில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையில் 1958 வரை செய்தார்கள். மொத்தம் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். சீரியல் எண்ணைக் கொண்டே தயாரித்த ஆண்டைக் கண்டுபிடித்துவிடலாம். ரிசீவர், குழல், போல்ட் மூன்றிலும் எண் இருக்கும், பெரும்பாலானவற்றில் அது முதல் நாள் குத்தியது. கூட்டம் கூட்டமாகப் பிரித்துக் கலக்கும் தேவை சுவிட்சர்லாந்துக்கு வரவே இல்லை, ஏனென்றால் ரைஃபிள் வீரனின் வீட்டில் இருந்தது. பணிக்காலம் முடிந்து அவனே வைத்துக்கொண்டவற்றில் 'பி' என்ற எழுத்து குத்தியிருக்கும்.

அடிக்கட்டையின் பின்தகட்டை இரண்டு திருகு கழற்றி எடுத்தால் சிலவற்றில் ஒரு துண்டுச் சீட்டு கிடைக்கும். வைத்திருந்த வீரனின் பெயர், படைப்பிரிவு, பிறந்த ஆண்டு, சிலவற்றில் ஊர். அதை வைத்து அந்த வீரர்களுக்குக் கடிதம் எழுதி, பதிலும் வாங்கிய அமெரிக்கர்கள் இருக்கிறார்கள். என்னுடையதில் சீட்டு இல்லை, திருகின் வாயில் பழைய கீறல்கள் இருந்தன. யாரோ முந்திக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு சௌகரியம், போலித் தொல்லை குறைவு. கே98கே-க்கு நாஜிகளின் எஸ்.எஸ். படை முத்திரை குத்துகிறார்கள், என்ஃபீல்டை 'டி' ஸ்னைப்பராக்குகிறார்கள், ஏனென்றால் அந்த முத்திரைக்கு ஆயிரக்கணக்கில் விலை. சாதாரண கே31ஐப் போலியாகச் செய்து யாருக்கு என்ன லாபம்? அதன் ஸ்னைப்பர் ரகங்களை விட்டுவிட்டால் பார்ப்பதுதான் பொருள். மரத்தின் கீழ்ப்பாதி பெரும்பாலும் அடிபட்டுக் கருத்திருக்கும். பனியில் ஊன்றி, பூட்ஸால் உதைத்து எடுத்ததால் அப்படி என்று ஒரு கதை சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அந்த வடுக்களை மணல் தாளால் தேய்த்து மெருகேற்றியவரிடம் மட்டும் வாங்காதீர்கள், பாதி விலை அங்கேயே போய்விட்டது.

சுடுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கைப்பிடியை நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும், தூக்கி மடக்கவேண்டாம். விசையின் இரண்டு கட்டமும் கண்ணாடியை உடைப்பதுபோல் துல்லியம். சுவிஸ் ராணுவத்தின் ஜிபி11 தோட்டா துரு பிடிக்கவைக்காத வகை. கழுவும் வேலை மிச்சம்.

குறைகளும் உண்டு. அந்த ஜிபி11 இப்போது கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பெர்டன் வகைப் பிரைமர் என்பதால் சுட்ட கூட்டை வீட்டில் மறுபடி நிரப்புவது கடினம். செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் தயாரிப்பை நம்பித்தான் பலரும் ஓட்டுகிறோம். அந்தப் பித்தளைக் கூடு மறுபடி நிரப்பத் தோதானது என்பது ஆறுதல். .30-06 போல எந்தக் கடையிலும் கிடைக்கும் சரக்கு அல்ல இது. பெரிய குறை வேறு: இந்த ரைஃபிள் எந்தப் போருக்கும் போகவில்லை. ஸ்டாலின்கிராடும் நார்மண்டியும் விலையை ஏற்றுகின்றன. நடுநிலை நாட்டின் பரணில் தூங்கியதற்கு அந்த மவுசு கிடையாது. நூறு நூற்றைம்பதுக்கு விற்றது எழுநூறைத் தாண்டிவிட்டது உண்மைதான், ஆனால் இதே வேகத்தில் இன்னும் ஏறும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். என்னுடையதை நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. விற்றது மோசினை மட்டுமே. வாங்கியவர் எண்களைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்விகள்தான் இந்தக் கணக்கையே போடவைத்தன.

கே31 பார்க்கப் போகிறவர்கள் போல்ட்டைக் கழற்றி எண்ணைப் படியுங்கள், குழலின் வாய் தேய்ந்திருக்கிறதா பாருங்கள், பின்தகட்டைத் திறக்க அனுமதி கேளுங்கள். இறக்குமதியாளர் முத்திரை பெரும்பாலும் குழல் முனைப் பக்கம் இருக்கும், அது இல்லாததற்குக் கூடுதல் விலை கேட்டால் கொஞ்சம் கொடுக்கலாம். தந்தையோ தாத்தாவோ சுமந்த ரைஃபிள் என்பதற்காக வாங்குகிறவர்கள் என் கணக்கைப் பொருட்படுத்தவேண்டாம். குடியுரிமை இருந்து, விற்கும் எண்ணம் அறவே இல்லையென்றால், ஆனிஸ்டனுக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டு அந்த 'டிங்' சத்தத்துக்குக் காத்திருங்கள்.