தவளை, கோழிக் கரு ஸ்லைடு செட் வாங்கினேன், எப்படி இருக்கு?

வீட்ல பி.எஸ்சி விலங்கியல் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கறேன். கருவியல் பேப்பர்னாலே படத்த மனப்பாடம் பண்ணி வரைஞ்சுட்டு போயிடறாங்க, பிளாஸ்டுலான்னா (முட்டை பல செல்லா பிரிஞ்சு உள்ள குழியோட நிக்கற ஆரம்ப நிலைக் கரு) ஒரு வட்டம், உள்ள ஒரு ஓட்டை, அவ்ளோதான். அது எனக்கு ரொம்ப நாளா மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, அதான் ஆன்லைன்ல ஒரு செட் வாங்கிட்டேன். தவளை 5, கோழி 5, மொத்தம் 10 ஸ்லைடு, 1,450 ரூபா.

தவளை பிளாஸ்டுலாவுக்காகவே காசு கொடுக்கலாம்ங்க. லென்ஸ்ல பாத்தா குழி நடுவுல இல்லவே இல்ல, மேல் பக்கமா ஒதுங்கி இருக்கு, மேல செல்லெல்லாம் கடுகு கொட்டின மாதிரி பொடிப்பொடியா, கீழ மஞ்சக்கரு நெறஞ்ச பெரிய பெரிய செல். பாத்த உடனே ஒரு பொண்ணு "மிஸ், கீழ மட்டும் ஏன் பெருசு?"ன்னு கேட்டா. மஞ்சக்கரு அடைச்சுக்கிட்டு இருக்கறதால அங்க செல் பிரியறது மெதுவாதான் நடக்கும்னு சொன்னேன். புக்ல அதே படத்த எத்தனையோ தடவ வரைஞ்சவதான் அவ, ஒரு நாளும் இத கேட்டதில்ல.

அடுத்த நிலையான காஸ்ட்ருலால, செல்லெல்லாம் உள்ள மடங்கிப் போற வாய்ல மஞ்சக்கரு அடைச்சு நிக்கறது தெரியற ஸ்லைடு நல்லா இருக்கு. ஆனா மேல் உதடு, அதாவது அந்த வாயோட மேல் ஓரம், காட்டவேண்டிய ஸ்லைடு ஏமாத்திடுச்சு, நடுவுல வெட்டாம ஓரமா வெட்டியிருக்காங்க, உதடே காணோம். அந்த உதடு சாதாரண விஷயமா? 1924ல வெளியான ஆய்வுல ஸ்பீமனும் அவரோட மாணவி ஹில்டே மாங்கோல்டும், பல்லி மாதிரி இருக்கற நியூட்ங்கற நீர்நில உயிரியோட கருவுல அத வெட்டி இன்னொரு கருவுல வச்சப்ப அங்க ரெண்டாவதா ஒரு உடம்பே உருவாச்சு, 1935ல ஸ்பீமனுக்கு நோபல் கெடச்சுது, பாவம் ஹில்டே 1924லயே தீ விபத்துல போயிட்டாங்க. இத சொல்லிட்டு காட்ட ஒண்ணும் இல்லாம நின்னேன்.

கோழிக் கரு சிவப்பு சாயத்துல பளிச்சுன்னு இருக்கு. 48 மணி நேர கருவுல தலை ஒரு பக்கமா திரும்பி, இதயம் வளைஞ்சு நிக்கறது அவ்ளோ தெளிவு. ஆனா 24 மணி நேர கரு, 33 மணி நேர கரு ரெண்டுக்கும் லேபிள் மாறி இருக்கு! 24ன்னு ஒட்டினதுல முதுகோரமா சோமைட் (பின்னாடி முதுகெலும்பும் தசையுமா ஆகற, ஜோடி ஜோடியா இருக்கற கட்டிங்க) எண்ணினா 12 ஜோடி வருது, 24 மணி நேரத்துல அவ்ளோ வராது, நாலஞ்சு வந்தாலே பெருசு. கடைக்காரங்கள கேட்டா நீங்களே மாத்தி ஒட்டிக்கோங்கன்னுட்டாங்க. புதுசா படிக்கற பிள்ளை அத நம்பி ரெக்கார்டு நோட்ல வரைஞ்சா என்ன ஆகும்? உதடு ஸ்லைட மட்டும் போட்டோ அனுப்பினப்புறம் மாத்தி தரேன்னு ஒத்துக்கிட்டாங்க, இன்னும் வரல.

வாங்கறவங்க ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள கோழி ஸ்லைடுல சோமைட்ட எண்ணிப் பாத்துடுங்க. 72, 96 மணி நேர கரு பெருசு, சின்ன லென்ஸ்லயே பாருங்க, பெரிய லென்ஸ்ல வச்சா முழுசா தெரியாது.