லின்சீட் ஆயில் என்று வாங்கினேன், மூன்று மாதமாகியும் படம் காயவில்லை

ஆயில் கலரில் வரைகிறவர்கள், அதிலும் வண்ணத்தில் கலக்க லூஸில் லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், வாங்குகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

போன ஆவணியில் ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டு ஆச்சியின் படத்தை வரைந்து தரச் சொன்னார்கள். ஐப்பசிக் கடைசியில் ஆச்சிக்குத் தலைத்திவசம், அன்றைக்குக் கூடத்தில் மாட்ட வேண்டும். இரண்டடிக்கு மூன்றடி கேன்வாஸ். அரக்குப் பட்டு, எட்டுக்கல் மூக்குத்தி. என்னிடம் இருந்த லின்சீட் பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். வழக்கமாக ட்யூபும் கேன்வாஸும் வாங்கும் கடையில் அரை லிட்டர் கேட்டேன். உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. மேலே மார்க்கர் பேனாவால் ‘லின்சீட்’ என்று எழுதியிருந்தது. கம்பெனி பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை. “கேன்ல வர்றதை நாங்களே ஊத்தி வைக்கிறோம் சார், எல்லா ஆர்ட்டிஸ்டும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க” என்றார் கடைக்காரர். பில்லுக்குப் பதில் ஒரு துண்டுச் சீட்டு. பல வருடப் பழக்கம், நம்பி வாங்கி வந்தேன்.

பின்னணியை டர்பன்டைன் கலந்து மெல்லிசாகப் போட்டிருந்தேன், அது சொன்ன நாளில் காய்ந்தது. முகம், முடி, புடவை மூன்றிலும் இந்த எண்ணெயைச் சேர்த்து மேல்பூச்சு கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் தொட்டால் விரலில் ஒட்டியது. கருப்பு இயல்பாகவே மெதுவாகக் காயும் வண்ணம், அதனால் முடியைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஆனால் அம்பர் என்ற பழுப்பு வண்ணம் அப்படியில்லை. அதில் இருக்கும் மாங்கனீசே எண்ணெயைச் சீக்கிரம் காய வைக்கும். கன்னத்தின் நிழலில் போட்ட அந்த அம்பரும் பிசுபிசுத்தபோதுதான் சந்தேகம் வந்தது. கடையில் கேட்டேன். “மழைக்காலம் சார், ஃபேனைப் போட்டு வைங்க” என்றார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாட்டர் கலர் நீர் ஆவியாகிக் காய்வது மாதிரி ஆயில் கலர் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் ஆவியாகாது. காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியான தோலாகிவிடும். தொடக்கத்தில் அதன் எடைகூடக் கொஞ்சம் ஏறும். எல்லா எண்ணெயும் இப்படி மாறாது. அதைக் காட்டத்தான் அயோடின் மதிப்பு என்று ஒரு கணக்கு: 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கும் என்பது. சுமார் 130க்கு மேல் இருந்தால் காயும் எண்ணெய். ஆளி விதைக்கு 170க்கு மேல். வால்நட், கசகசா எண்ணெய்கள் 130 முதல் 150 வரை வரும். அவை குறைவாக மஞ்சளிக்கும், ஆனால் மெதுவாகக் காயும். கடலை எண்ணெய் 90 பக்கம், பாமாயில் 50 பக்கம், தேங்காய் எண்ணெய் 10 பக்கம். இவற்றை ஃபேனுக்கு அடியில் வருடக்கணக்கில் வைத்தாலும் தோல் கட்டாது.

தேதி நெருங்கிவிட்டதால், யாரும் தொட வேண்டாம் என்று சொல்லிப் படத்தைக் கொடுத்தேன். கொடுத்திருக்கவே கூடாது. மறுநாள் அந்த வீட்டுப் பையன் போன் செய்தான். “அண்ணே, மாலையை எடுத்தோம், ஆச்சி கன்னத்துல பூ ஒட்டிக்கிச்சு. இழுத்தா கலரும் சேர்ந்து வருது.”

போய்ப் பார்த்தேன். கன்னத்தில் மூன்று சாமந்தி இதழ்கள். கழுத்தில் மல்லிகைச் சரத்தின் நார் பதிந்து ஒரு கோடு. மூக்குத்தியில் நான் வைத்த வெள்ளைப் புள்ளி உதட்டுப் பக்கம் இழுபட்டிருந்தது. ஆச்சியின் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கண்ணாடித் துண்டில் இரண்டு சொட்டு வைத்து மெல்லிசாகத் தேய்த்தேன். ஒன்று பழைய பாட்டிலின் மிச்சம், இன்னொன்று இந்த எண்ணெய். பழையது பத்து நாளில் இறுகி, நகத்தால் கீறினால் தோலாக உரிந்தது. இது நாற்பதாவது நாளும் ஈரம், மேலே தூசியும் ஒரு எறும்பும். கண்ணாடியோடு கடைக்குப் போனேன். “வர்றதைத்தான் ஊத்தித் தர்றோம்” என்று சொல்லிவிட்டு, அதே கேனிலிருந்து வேறொரு பாட்டில் தர வந்தார்கள். பணம் திரும்பி வரவில்லை. துண்டுச் சீட்டில் கடைப் பெயரே இல்லாததால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குக் கொண்டுபோக என் கையில் எதுவும் இல்லை.

ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில் ஏழாம் நூற்றாண்டுவாக்கில் வரைந்த ஓவியங்களில் காயும் எண்ணெய் இருப்பதை 2008இல் கண்டறிந்தார்கள். சரியான எண்ணெய் என்றால் 1300 வருடம் நிற்கிறது. அதனால்தான் இந்தக் கலப்படம் இவ்வளவு வலிக்கிறது.

தயவுசெய்து கம்பெனி பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள, சீல் உடையாத பாட்டிலாக வாங்குங்கள், பில்லோடு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ‘பாயில்ட்’ லின்சீட் வேறு. மரச்சாமானுக்கான அதில் உலோக உப்பு டிரையர் கலந்திருக்கும், சீக்கிரம் காயும், ஆனால் நாளடைவில் படம் கருக்கும். சாப்பிடுவதற்கென்று விற்கும் ஆளி விதை எண்ணெயும் வேண்டாம். கெடாமல் இருக்க வைட்டமின் ஈ சேர்த்திருந்தால் அதுவே காய்வதைத் தடுக்கும். சமையல் எண்ணெயில் பிரஷ் கழுவுகிறவர்கள் கடைசியில் சோப்புப் போட்டு நன்றாக அலசிவிடுங்கள், மயிருக்குள் தங்கும் எண்ணெய் அடுத்த படத்துக்குப் போய்விடும். எந்தப் புது பாட்டிலையும் படத்தில் தொடுவதற்கு முன் கண்ணாடியில் தேய்த்து இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்.

காயாத பூச்சின் மேல் மறுபடி வரைந்தால் மேல்பூச்சு வெடித்துவிடும். அதனால் ஆச்சியின் முகத்தைக் கத்தியால் வழித்து, டர்பன்டைன் துணியால் கேன்வாஸ் தெரியும்வரை துடைத்தேன். புது பாட்டில், புது முகம். நேற்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. மூக்குத்தியை அடுத்த வாரம் வைக்கிறேன்.