உப்புக்காற்றில் 45 மில்லிமீட்டர் ரயில்: இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு

அட்டைப்பெட்டி மேல் ஒரு படம் இருக்கும். பச்சைப் புல்வெளி, பூச்செடி, நடுவில் பளபளக்கும் தண்டவாளம், அதில் புகை விட்டுக்கொண்டு ஒரு குட்டி எஞ்சின். அந்தப் படத்தை நம்பி, வாங்கியதும் தோட்டத்தில் வைத்து ஓட்டிவிடலாம் என்று புதுச்சேரி, கடலூர் பக்கம் யாரும் நினைக்காதீர்கள். வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. எஞ்சினும் பெட்டிகளும் அருமையான சாமான்கள். தண்டவாளத்தில் கரண்டு விட்டு ஓட்டுகிற அந்த ஏற்பாடுதான் நம் கடற்கரைக்கு ஆகவில்லை.

இந்தத் தோட்ட ரயில் செட் எனக்குப் புதிதாக வரவில்லை. தேங்காய்த்திட்டுப் பக்கம் ஒரு சொல்தா வீடு, பெரியவர் பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்தவர், பேரன்கள் ஒரு விடுமுறைக்குக் கொண்டுவந்து விட்டுப்போன பெட்டி பரணில் கிடந்தது. "எலி கடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டுப் போ தம்பி" என்றார், ஆனால் சும்மா தரவில்லை, 14,000 வாங்கிக்கொண்டார். இரண்டு ஜோடிச் சக்கரம் கொண்ட சின்ன டேங்க் எஞ்சின், இரண்டு பயணிகள் பெட்டி, ஒரு வட்டத்துக்கான 12 வளைவுத் துண்டுகள், கொஞ்சம் நேர்த் துண்டுகள், டிரான்ஸ்பார்மர். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. பழைய சாமான், பரணில் என்னவெல்லாம் பட்டதோ, அதை வைத்துக் கம்பெனியைத் திட்டுவது நியாயமில்லை. கீழே நான் புலம்புவது இந்த வகை செட்டுக்குப் பொதுவானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த 45 மில்லிமீட்டர் சமாசாரத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் விழுந்ததே அதில்தான். தோட்ட ரயிலை ஊருக்கெல்லாம் பழக்கியது எல்ஜிபி என்ற ஜெர்மன் பிராண்ட், 1968-இல். 1-க்கு 22.5 என்ற அளவில், அதாவது நிஜத்தை 22.5 மடங்கு சுருக்கி, பொம்மை செய்து 45 மில்லிமீட்டர் இடைவெளி விட்ட தண்டவாளத்தில் ஓடவிட்டார்கள். கணக்குப் போட்டால் நிஜத்தில் அது ஒரு மீட்டர் அகலப் பாதை. அதாவது நம்ம மீட்டர் கேஜ்! நம் ரயில்வேயில் மீட்டர் கேஜ் தனி, நேரோ கேஜ் என்றால் 762, 610 மில்லிமீட்டர் பாதைகள். வெளிநாட்டுக்காரர்கள் மீட்டர் கேஜையும் நேரோ கேஜ் கூட்டத்திலேயே சேர்த்துவிடுவார்கள். டார்ஜிலிங் மாதிரி 610-தான் வேண்டும் என்பவர்கள் 1-க்கு 19 அளவில் 32 மில்லிமீட்டர் பாதை போடுகிறார்கள், அது தனி உலகம். எனக்கு மீட்டர் கேஜ் போதும். விழுப்புரம் - புதுச்சேரி பாதை 1879-இல் மீட்டர் கேஜாகத்தான் வந்தது. சின்னவயதில் வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் என்று நின்று நின்று போகும் வண்டியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனவன் நான். அகலப்பாதை வந்ததும் அது போயிற்று, இன்றைக்கு அந்த அகலத்தைப் பார்க்க ஊட்டிக்குத்தான் போகவேண்டும். அரியாங்குப்பத்தில் என் வீட்டுப் பின்பக்கம் ஓடினால் கசக்குமா?

முதல் ஒரு மாதம் சொர்க்கம். 60 சென்டிமீட்டர் ஆரத்தில் எஞ்சின் சிக்காமல் திரும்புகிறது, அதாவது ஒரு தென்னம்பாத்தியைச் சுற்றிக்கொண்டு வரலாம். எஞ்சின் கையில் எடுத்தால் கனம். தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் ஸ்லீப்பர் கட்டைகளின் பிளாஸ்டிக் இரண்டு வருஷ வெயிலில் வெடிக்கவில்லை, வெளுக்கவில்லை, அதற்கு முழு மதிப்பெண். தரையில் அப்படியே வைத்தால் செம்மண் தெறித்து எல்லாம் நாசமாகும் என்பதால் ஹாலோ பிளாக்கைப் படுக்கப்போட்டு, அதன்மேல் சிப்ஸ் ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து கொட்டி, அதில் பாதையை உட்காரவைத்தேன். இறுக்கி ஆணி அடிக்காதீர்கள். பித்தளை வெயிலில் நீளும். விடியற்காலை 25 டிகிரியில் இருந்த தண்டவாளம் மே மாத மத்தியானம் 60-ஐத் தொட்டால் 10 மீட்டருக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. நான் இரண்டு பக்கமும் இறுக்கிவைத்திருந்தேன், அக்கினி நட்சத்திரம் மூன்றாம் நாள் பாதை பாம்பு மாதிரி நெளிந்து எழுந்து நின்றது.

அது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை களிம்பு. உப்புக்காற்றுக்குப் பித்தளை என்ன பாடு படும் என்று குத்துவிளக்கு விளக்குகிற எல்லா வீட்டுக்கும் தெரியும். தண்டவாளத்தின் தலையில் கறுப்புப் படிந்தால் கரண்டு சக்கரத்துக்கு ஏறாது, எஞ்சின் நாலு அடி போகும், விக்கும், நிற்கும், விரலால் தள்ளினால் இன்னும் நாலு அடி. தினம் ஓட்டுவதற்கு முன் 18 மீட்டர் பாதையைப் பச்சை ஸ்கிரப்பர் கட்டிய குச்சியால் தேய்க்கவேண்டும். அம்மா சொன்னாரே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை புளி போட்டுத் தேய்த்தேன். தங்கம் மாதிரி மின்னியது, சும்மா சொல்லக்கூடாது. ஜல்லிக்குள் இறங்கிய புளியை யார் கழுவுவது? நாலே நாளில் முன்னைவிடக் கறுத்தது, கூடவே எறும்பு வரிசை வேறு, ஸ்லீப்பர் ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு. தலைப்பக்கமாவது தேய்த்துவிடலாம், துண்டும் துண்டும் சேரும் ஜாயிண்டுக்கு உள்ளே பிடிக்கிற களிம்பை ஒன்றும் செய்யமுடியாது. ஒயர் போட்டுச் சால்டர் செய்யப் பார்த்தேன். அவ்வளவு தடிப் பித்தளை சாதாரண 25 வாட் அயர்னின் சூட்டையெல்லாம் குடித்துவிட்டு ஈயத்தை உருண்டையாகத் துப்பிவிட்டது, 100 வாட்டுக்கு மேல் வேண்டும். டிரான்ஸ்பார்மரையும் மழையில் வைக்கமுடியாது, வராந்தாவிலிருந்து ஒயர் இழுக்கவேண்டும்.

ஆறு மாதத்தில் வெறுத்துவிட்டது. பேட்டரிக்கு மாறியது அப்புறம்தான், அதைத்தான் நான் முதல் நாளே செய்திருக்கவேண்டும். டிரோன் கட்டுகிற இன்ஜினியரிங் மாணவன் ஒருவன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். "அண்ணா, இது ரெண்டு மணி நேர வேலை" என்றான், இரண்டு வாரம் ஆயிற்று. 18650 என்கிற லித்தியம் செல் ஐந்தைத் தொடராகக் கோத்தால் 18.5 வோல்ட், இந்த எஞ்சின்கள் 24 வோல்ட் வரைக்கும் ஆனவை என்பதால் தாராளமாகப் போதும். செல்லுக்குப் பாதுகாப்பு போர்டு, ஒரு ஃபியூஸ், ரேடியோ ரிசீவர், மோட்டார் கன்ட்ரோலர். எஞ்சினுக்குள் இடமில்லை, ஒரு மூடிய கூட்ஸ் பெட்டியில் வைத்து இரண்டு ஒயர் முன்னால் கொண்டுபோனோம். ஒன்று முக்கியம்: சக்கரத்திலிருந்தும் தண்டவாளத்தில் உரசுகிற கட்டையிலிருந்தும் மோட்டாருக்கு வரும் ஒயர்களை வெட்டிவிடுங்கள். நாங்கள் மறந்தோம். பேட்டரி கரண்டு பின்பக்கமாகப் பாதைக்கே இறங்கி, எங்கேயோ கிடந்த ஈர ஆணியில் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிற்று. ஃபியூஸ் இருந்ததால் ஃபியூஸோடு போயிற்று. ஓட்டி முடித்ததும் செல்லைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவேன், மே மாதத்தில் மூடிய பெட்டிக்குள் அதை வேகவிடக்கூடாது.

இப்போது தண்டவாளம் கறுத்தாலும் பச்சை பிடித்தாலும் கவலையில்லை. பார்க்கவும் கறுத்த தண்டவாளம்தான் நிஜம் மாதிரி இருக்கிறது. ஒரு சார்ஜில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறது. தேய்க்கிற நேரமெல்லாம் மிச்சமானதால்தான் பெட்டிகளில் கை வைக்க முடிந்தது.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் பெட்டியின் மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, அதே அடிச்சட்டத்தில் நம் பழைய காவி நிறப் பெட்டி ஒன்று. முழு நீளத்துக்குச் செய்தால் முக்கால் மீட்டரைத் தாண்டும், 60 சென்டிமீட்டர் வளைவில் பெட்டியின் வயிறு உள்பக்கச் செடியை வழித்துக்கொண்டு போகும், அதனால் ஜன்னல்களைக் குறைத்துப் பாதி நீளத்தில். முதல் உடம்பை 3டி பிரிண்டில் எடுத்தேன், பிஎல்ஏ பிளாஸ்டிக். அழகாக வந்தது. ஆனால் பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கூரை பொரித்த அப்பளம். இரண்டாவது உடம்பை ஃபிளெக்ஸ் பேனர் கடையில் கிடைக்கும் 3 மில்லிமீட்டர் சன்போர்டில் கத்தியால் வெட்டி ஒட்டினேன், ஜன்னல் கம்பிக்கு ஊதுவத்திக் குச்சி. இதில் செலவு 400 ரூபாய்கூட இல்லை, இரண்டு மழைக்காலம் தாங்கிவிட்டது. நம் மீட்டர் கேஜ் பெட்டிகளுக்கு முகப்பின் நடுவில் ஒரே பஃபர்தான் (இடிதாங்கி), அகலப்பாதை மாதிரி இரண்டு கிடையாது. ஐரோப்பியக் குறுகிய பாதைப் பொம்மைக்கும் பெரும்பாலும் அப்படியே. அதனால் முகப்பை மாற்றவே தேவைப்படவில்லை. பயணிகள் வில்லியனூர் சுடுமண். இந்த அளவில் ஓர் ஆள் 7.5 சென்டிமீட்டர் வருவார், அந்த உயரம் சொல்லிச் செய்யச்சொன்னேன், வேட்டி கட்டியவர் இரண்டு பேர், கூடைக்காரம்மா ஒருவர். செட்டோடு வந்த தொப்பிக்கார கார்டு மட்டும் அப்படியே இருக்கிறார், மீசை வரைந்துவிட்டேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்தபோது முழங்கால் தண்ணீர் தோட்டத்தில். ஜல்லி முழுக்க மல்லிச்செடிப் பக்கம் போய்ச் சேர்ந்தது, ஒரு பெருச்சாளி பிளாக்குக்கு அடியில் குடியேறிவிட்டது, பாதை மட்டும் முருங்கைமரத்தில் சாய்ந்தபடி முழுதாகக் கிடைத்தது. தூக்கி அலசித் திரும்பப் போட்டேன். கரண்டு ஓடும் பாதையாக இருந்திருந்தால் ஒவ்வொரு ஜாயிண்டாகப் பிரித்துத் தேய்த்திருக்கவேண்டும், சத்தியமாக விட்டுவிட்டிருப்பேன்.

ஆக, பழைய செட் கிடைத்தால் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் மதிப்புப் போட்டு வாங்குங்கள். புதிது யூரோவில் மூன்று இலக்கம், அதன்மேல் தபால், சுங்கம், நான் சொல்லமாட்டேன். கூடுதல் பித்தளைத் துண்டுகளுக்குப் பணம் கொட்டவேண்டாம், பேட்டரி என்று முடிவானபின் அலுமினியத் தண்டவாளமே போதும், விலையும் குறைவு. மொட்டைமாடிக்காரர்களும் போடலாம், ஜல்லி வேண்டாம், தண்ணீர் போகிற ஓட்டையை மட்டும் அடைக்காதீர்கள்.

டிரான்ஸ்பார்மரை விற்கவில்லை. நவராத்திரிக்கு அந்த 12 வளைவுத் துண்டுகளை மட்டும் எடுத்துத் துடைத்து, அறைக்குள் கொலுப்படிக்கு முன்னால் வட்டமாகப் போடுகிறோம். செட்டோடு வந்த எஞ்சின் பேட்டரிக்கு மாறிவிட்டதால் இதற்கென்று ஞாயிறு சந்தையில் பிடித்த இன்னொரு ஓட்டை எஞ்சின். ஒன்பது நாளும் ஒரு தடவைகூட விக்காமல் சுற்றியது. சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள் யாரும் படியில் இருந்த சாமியைப் பார்க்கவில்லை என்று அம்மாவுக்குத்தான் வருத்தம்.